உனக்கு மட்டும் தெரிந்தது

லாஸ் வேகஸ்,
6 மார்ச் 1994

அன்புள்ள டெல்பர்ட்,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கார்டீனாவுக்குக் குடிபோனதிலிருந்து நீ எழுதுவதே குறைந்துவிட்டது. "இங்கே நன்றாகச் சீட்டாடுகிறேன், தினமும் மேசையில் இடம் கிடைக்கிறது" என்று ஒரு வரி எழுதினாய், அதோடு சரி. சோம்பேறி.

எனக்கு நேரம் சரியில்லை. ஐந்து வாரமாக வியாழக்கிழமை போக்கர் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். அதுவும் ஒரே ஆளிடம். பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வரும் பாதாம் தோட்டக்காரர், பிரெஸ்டன் லூமிஸ். போன வருடம் வரை அவர் வந்து தோற்றுவிட்டுப் போவார், எங்களுக்குத் திருவிழா. இப்போது நான் கையில் ஒன்றுமில்லாமல் பந்தயத்தை ஏற்றினால், துணிந்து அதே தொகையை வைத்து ஈடு கட்டுகிறார். நல்ல சீட்டு வைத்துக்கொண்டு ஏற்றினால், பேசாமல் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுகிறார். என் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆடுவதுபோல் ஆடுகிறார்.

வாயே திறக்காத மனிதர் இப்போது நான் பந்தயம் வைத்தவுடன் பேச்சுக் கொடுக்கிறார். "மாக்சின், உங்க நாய்க்கு இப்ப பரவாயில்லையா?" என்கிறார். நானும் நாயின் மருத்துவர் பெயர் வரைக்கும் சொல்கிறேன்.

என் உடம்பு என்னவோ காட்டிக்கொடுக்கிறது. உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்? ரெனோவிலிருந்து காரில் வந்தபோது ஒருவர் குறையை ஒருவர் சொல்லிக்கொண்டோமே, அன்று நீ எனக்கு மூன்று சொன்னாய். இரண்டைத் திருத்திவிட்டேன். மூன்றாவது எது? நானும் மண்டையை உடைத்துக்கொள்கிறேன், வரவில்லை. சீக்கிரம் எழுது. இப்படியே போனால் வீட்டை விற்றுவிட்டு, அதே சீட்டாட்ட மண்டபத்தில் காபி கொண்டுவரும் வேலை கேட்க வேண்டியதுதான்.

உன்,
மாக்கி


கார்டீனா,
15 மார்ச் 1994

அன்பு மாக்கி,

முழங்காலைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள் நீதான். அது அப்படியேதான் இருக்கிறது.

உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. சீட்டு சில சமயம் இப்படித்தான் பழிவாங்கும். இரண்டு வாரம் ஓய்வெடு. லூமிஸ் பேசுகிறார் என்றால், பாவம், மனைவி விட்டுப் போய்விட்டதாகக் கேள்வி. தனிமையாக இருக்கும்.

ரெனோ பேச்செல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது? எவ்வளவு காலமாகிவிட்டது. நான் நன்றாகவே ஆடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
டெல்


லாஸ் வேகஸ்,
28 மார்ச் 1994

அன்புள்ள டெல்,

நீ சொன்னபடி ஒரு வாரம் ஓய்வெடுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை. நாய்தான் சந்தோஷப்பட்டது. இனி மேசையில் யார் எது கேட்டாலும் "ஆமாம்", "இல்லை" மட்டும்தான் என்று முடிவு செய்துவிட்டேன். போன வியாழன் அப்படியே ஆடினேன், பாதாம்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் புதிதாக ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது. கையில் ஒன்றுமில்லாமல் பந்தயம் வைத்தால், என்னை அறியாமல் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுகிறேன். நல்ல சீட்டு இருந்தால் பாட்டிலைத் தொடுவதேயில்லை. எவ்வளவு முயன்றும் விடமுடியவில்லை. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். என்ன செய்யலாம்?

உன்,
மாக்கி


கார்டீனா,
4 ஏப்ரல் 1994

மாக்கி,

அது ஒரு விஷயமே இல்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள். நிம்மதியாக ஆடு.

டெல்


லாஸ் வேகஸ்,
22 ஏப்ரல் 1994

டெல்பர்ட்,

நேற்று என் கையில் மூன்று ராஜா. என்னிடம் இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினேன். பிறகு தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகினேன்.

அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. உனக்கு எழுதினால் அது லூமிஸிடம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க நானே உண்டாக்கினேன். ரெனோ நினைவில்லை என்று நீ எழுதினாயே, அங்கேதான் இடித்தது. எழுபத்தொன்றில் யார் கையில் எந்தச் சீட்டு இருந்தது என்று இன்றைக்கும் சொல்லக்கூடியவன் நீ. அதை யோசித்துக்கொண்டு பாத்திரம் கழுவும்போது மூன்றாவது குறை தானாக நினைவுக்கு வந்தது. "கையில ஒண்ணும் இல்லன்னா நீ நிறையப் பேசுற, மாக்கி. நல்ல சீட்டு வந்தா ஊமையாயிடுற." உன் குரலிலேயே வந்தது.

லூமிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சீட்டைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்தார். நான் உள்ளுக்குள் கெஞ்சினேன், டெல். கவிழ்த்துவிடு, தயவுசெய்து கவிழ்த்துவிடு என்று. முப்பது வருட ஆட்டத்தில் மூன்று ராஜாவை வைத்துக்கொண்டு எவளும் அப்படி வேண்டியிருக்க மாட்டாள். அவர் சிரித்தார். கடைசிப் பந்தய வில்லை வரை தள்ளி ஈடு கட்டினார்.

வீடு பிழைத்தது. எல்லோரும் தோளைத் தட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஏன் என்று மட்டும் சொல்.

மாக்சின்


கார்டீனா,
1 மே 1994

அன்பு மாக்கி,

நாலைந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

இங்கே எந்த மேசையிலும் எனக்கு இடமில்லை. இரண்டு வருடமாக நான் பெரிய மேசைப் பக்கமே போகவில்லை. கையில் இருந்ததெல்லாம் போய்விட்டது. உன்னிடம் சொல்ல வெட்கம். லூமிஸ் ஆட்டம் சொல்லித்தரக் கூப்பிட்டார், சம்பளம் தந்தார். முதலில் சீட்டைப் பற்றித்தான் சொன்னேன். பிறகு வேகஸ் ஆட்டக்காரர்களின் குறையை ஒவ்வொரு ஆளாகக் கேட்டார். ஒவ்வொரு ஆளாகச் சொன்னேன். உன்னை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒருநாள், "மாக்சின் பேர எடுத்தா மட்டும் ஏன்யா முழிக்கிற? அவ புருஷனா நீ?" என்றார். சொல்லிவிட்டேன்.

நீ பேச்சை நிறுத்தியதும் என்னை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார். அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது.

தப்புத்தான். ஆனால் நாம் என்ன பாதிரிமார்களா? ஏமாற்றிப் பிழைப்பதுதானே நம் தொழில்? நீயும்தான் எனக்குப் பொய் எழுதினாய். கடைசியில் ஜெயித்ததும் நீதான். லூமிஸ் இனி வேகஸ் பக்கம் வரமாட்டார், எனக்கும் வேலை போயிற்று. அக்கா வீட்டை விற்ற பங்கு கொஞ்சம் வந்திருக்கிறது. அங்கேயே திரும்பி வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். நாம் பழையபடி இருக்கலாமா?

என்றும் உன்,
டெல்


லாஸ் வேகஸ்,
7 மே 1994

டெல்பர்ட்,

ஆம், பொய் எழுதினேன். மேசையில் ஆயிரம் பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. அவர்கள் பொய்யை எதிர்பார்த்துத்தான் வந்து உட்காருகிறார்கள். அந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, கையை விட்டுத் திரும்ப எடுக்க முடியுமா என்று அங்கேயே நின்றேன். உன் கடிதத்தைப் படிக்கும்போது நான் முகத்தில் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று இத்தனை வருடம் இருந்தேன். அந்த ஒரு இடத்தையும் விற்றுவிட்டாய்.

பணமில்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், மறுநாளே காரை எடுத்துக்கொண்டு வந்து உன்னைக் கூட்டிப்போயிருப்பேன். உனக்கும் அது தெரியும். தெரிந்தும் என்னிடம் கேட்க வெட்கப்பட்டாய், என்னை விற்க வெட்கப்படவில்லை.

பழையபடி இருக்கலாமா என்று கேட்டாய். அந்த ரெனோ பயணத்துக்குப் பிறகு இத்தனை வருடத்தில் நாம் ஒரு தடவைகூட ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை. நீ உட்கார்ந்திருந்தால் நான் வேறு மேசை தேடுவேன், நான் இருந்தால் நீ. காரணம் கேட்டவர்களிடம், "நாங்க ஒருத்தர ஒருத்தர் எதுத்து ஆட மாட்டோம்" என்று பெருமையாகச் சொல்லுவோம்.

வியாழக்கிழமை ஆட்டத்தில் லூமிஸ் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருக்கிறது. எனக்கு நேர் எதிரே. மேசைப் பொறுப்பாளரிடம் உன் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வந்து உட்கார்.

மாக்சின் புரூயிட்