கல்வெட்டில் கிருசாந்தியின் பாட்டு

3 மார்ச் 2025, வைலே, டென்மார்க்

குஞ்சு, இன்றைக்கு உன் கிற்றாரைத் துடைத்தேன். தூசி இல்லை. சும்மா துடைத்தேன்.

நீ ஓல்போர்க்கில் பாடிவிட்டு வரும்போது கார் பனியில் சறுக்கியதாம். கிற்றாருக்கு ஒரு கீறலும் இல்லை.

9 மார்ச்

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்க, உன் படத்தோடு புலம்பல் பாட்டுப் போட்ட கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும். இஷொயிலிருந்து, கல்வெட்டுப் பாட்டு எழுதிக்கொடுக்கிற அழகரத்தினம் அண்ணை தான் எழுதியதைப் போனில் வாசித்தார். குத்துவிளக்கே, மாலை சூட முன்னம் அணைந்தாயோ என்று.

"அண்ணை, போன வருசம் புஸ்பராணியின்ரை மகளுக்கும் இதே குத்துவிளக்குத்தானே?"

"துக்கம் ஒண்டுதானே பிள்ளை."

பதினாறு வயதிலிருந்து பாட்டெழுதின பிள்ளைக்கு இரவல் பாட்டா? டெனிஷ்காரர் கோடை விழாவில் உன்னோடு சேர்ந்து பாடினார்களே. உன் பாட்டைத்தான் போட வேண்டும் என்றேன்.

உன் அப்பா விடவில்லை. "இஞ்சரப்பா, பியர்க்கடைப் பாட்டைக் கல்வெட்டிலை போடுறதோ? சனம் சிரிக்கும்."

சிரிக்கட்டும்.

14 மார்ச்

உனக்கு வயலின் வாசிக்கிற தமிழ்ப் பெடியன் ஜோன்சன் வந்தான். நீ கடைசியாகப் பாடிப் பதிந்ததைப் போனில் போட்டான். உன் குரல், டெனிஷில். எனக்கு 'மோர்' மட்டும்தான் விளங்கியது, அம்மா என்று. மிச்சத்தை அவன் தமிழில் சொன்னான்.

விடிய முன்னம் ஒரு பஸ் தரிப்பு. தாய் பள்ளிக்கூடம் கழுவப் போகிறாள். மகள் பாடி முடித்து வந்து இறங்குகிறாள். தாய் அவளைப் பார்த்து ஒன்று சொல்கிறாள் —

அதோடு நின்றுவிட்டது.

"மிச்சம் எழுதேல்லை, அன்ரி."

நான் என்ன சொல்லியிருப்பேன்? சாப்பிட்டியோ என்று கேட்டிருப்பேன். வேறென்ன தெரியும் எனக்கு.

17 மார்ச்

"ரெண்டு வரிதானே பிள்ளை, நான் முடிச்சுத் தாறன்" என்றார் அழகரத்தினம் அண்ணை. வேண்டாம் என்றேன். அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அப்பா உன் பாட்டு எழுதின தாளோடு காரை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனார்.

23 மார்ச்

அந்தியேட்டி முடிந்தது. கடைசிப் பக்கத்தில் உன் பாட்டு, டெனிஷிலும் தமிழிலும். ஜோன்சன் வயலின் வாசித்துப் பாடினான். நீ நிறுத்தின இடத்தில் நிறுத்தினான்.

ஒருத்தி அந்தப் பக்கத்தைக் காட்டி, "அண்ணை, கீழை அடிக்க மறந்துபோட்டினமோ?" என்று கேட்டாள்.

அப்பா சொன்னார்: "இல்லைப் பிள்ளை. என்ரை மகள் அவ்வளவுதான் எழுதினவள்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

25 மார்ச்

பள்ளிக்கூடம் கழுவுகிற வேலைக்குத் திரும்பிவிட்டேன். பஸ் தரிப்பில் இருட்டு. மழை. எதிர்ப்பக்கத்துப் பஸ் வந்து நின்றது. ஒருவரும் இறங்கவில்லை.

நீ பாடி முடித்து வந்து இதில் இறங்கின அன்றைக்கு நான் உன்னிடம் என்ன சொன்னேன், குஞ்சு?