கண்ணை மூடாத சாப்பாடு

பெரியவளின் அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையில் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இந்தக் கல்லூரி விடுதியில் நான் சோறு போடும் மேசையில் ஒரு பையன் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் சாப்பிடுவான். மூடியதும் பக்கத்துக் குண்டன் அவன் முட்டையைத் தூக்கிவிடுவான். பையன் சிரித்துக்கொண்டே மிச்சத்தைச் சாப்பிடுவான்.

நேற்று, தாயை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பினான். கண்ணை மூடாமலே சோற்றைப் பிசைந்தான்.

"ஜெபம் எங்கடா?" என்றான் குண்டன்.

"என்ன சொல்றதுன்னே தெரியலடா."

"ஒண்ணும் சொல்லாத. சும்மா கண்ண மூடு. இன்னைக்கு எவனும் கை வைக்க மாட்டான்."

மூடினான். சோறு ஆறும்வரை திறக்கவில்லை. அந்த மேசையில் ஒருத்தனும் வாயில் ஒரு கவளம் வைக்கவில்லை. நானும் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

நீ போர்த்தும் கம்பளியை அனுப்பு, துவைக்காமல் அனுப்பு. ராத்திரி ஜெபத்தில் என் பெயரைச் சத்தமாய்ச் சொல். எழுதித் தரும் வார்டனுக்கு அவசரம், எழப் பார்க்கிறார்.

உன் வீட்டுக்காரன்