தானாக ஓடும் பிரிவு

ஜனவரி 9

என் அருமைக் குண்டூசிக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மீட்டர் கிடங்கு உனக்கு ஒத்துக்கொண்டதா? தூசி உனக்கு ஆகாதே என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இன்னும் என்மேல் கோபமாக இருப்பாய், தெரியும். “அவ இல்லாமலே புகார்ப் பிரிவு தானா ஓடும் சார்” என்று மேலாளரிடம் நான் சொன்னது உன்னைப் புகழத்தானடி. அவர் அதையே பிடித்துக்கொண்டு உன்னைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, உன் நாற்காலியை என்னிடம் தள்ளுவார் என்று நான் கண்டேனா?

இப்போது நான் படும் பாட்டைக் கேள். குழாய் உடைந்த புகார், தண்ணீர் வராத புகார், பில் தப்பான புகார் எல்லாம் என் கையெழுத்துக்காக மேசைமேல் குவிந்து கிடக்கிறது. கவுன்ட்டரில் ஜனங்கள் கத்துகிறார்கள். மேலாளர் என்னிடம் கத்துகிறார். வீட்டுக்குப் போய் நான் என் வீட்டுக்காரரிடம் கத்துகிறேன், பாவம், அவர் என்ன செய்வார்! உன் மேசை எப்போதும் துடைத்துவிட்ட மாதிரி இருக்குமே, அந்த வித்தையை எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடேன்.

உன்,
வாயாடி


ஜனவரி 16

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் கை போனது. மறுபடி ஒருமுறை படித்தேன். பதில் எழுதலாம் என்று தோன்றிவிட்டது.

காலையில் போனதும் ஊர்க்கதையை ஆரம்பிக்காதே. உனக்குக் கஷ்டம்தான், ஆனாலும் வாயைக் கட்டு. எந்தக் காகிதத்தைத் தொடவே பயமாக இருக்கிறதோ அதை முதலில் எடுத்து முடித்துவிடு. அது முடிந்தால் மற்றதெல்லாம் தூசு. ஒரு காகிதத்தைக் கையில் எடுத்தால் முடிவு சொல்லாமல் கீழே வைக்காதே. நீ எடுப்பாய், பெருமூச்சு விடுவாய், அடியில் செருகுவாய். பக்கத்து மேசையிலிருந்து எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! மின்னஞ்சலைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பார்த்தால் போதும். யாராவது வாயால் வேலை சொன்னால், என்ன வேலை, எந்தத் தேதிக்குள் என்று உடனே எழுதி அவருக்கே அனுப்பிவிடு. பிறகு யாரும் பேச்சை மாற்ற முடியாது.

கிடங்கு சௌக்கியம். பொறுப்பாளரும் நானே, எடுபிடியும் நானே. பழுதான மீட்டர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவதில்லை.

குண்டூசி


பிப்ரவரி 3

அருமைக் குண்டூசிக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்! என் மேசை பச்சை நிறம் என்று இப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் ஒரு தலைவலி மட்டும் தீரவில்லை. எதற்கெடுத்தாலும் என்னிடமே வந்து நிற்கிறார்கள். கவுன்ட்டர் கண்ணாடிக்காரர் இருக்கிறாரே, ஒரு வால்வை மூடச் சொல்வதற்குக்கூட “மேடம், மூடலாமா?” என்கிறார். உன் காலத்தில் தானே செய்துகொண்டிருந்தவர்தான். நான் வந்ததும் எல்லாமே என்னைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன், அது தப்பா? மதியச் சாப்பாட்டை மாலையில் சாப்பிடுகிறேன். நீதான் வழி சொல்ல வேண்டும்.

உன் வாயாடி


பிப்ரவரி 10

அன்புள்ள வாயாடிக்கு,

தெருக்களைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் ஒப்படை. வேலையைக் கொடுத்தால் கையெழுத்துப் போடும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடு. கேள்வியோடு வந்தால், “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று திருப்பிக் கேள். முதல் வாரம் விழிப்பார்கள், அடுத்த வாரம் பதிலோடு வருவார்கள்.

மேலாளரின் வாராந்தரக் கூட்டத்தில் போய் மணிக்கணக்காக உட்காராதே. கண்ணாடிக்காரரை அனுப்பு. வாரக் கணக்கையும் அவரே எழுதி, அவர் பெயரிலேயே மேலாளருக்கு அனுப்பட்டும். பயப்படாதே, மனுஷன் கெட்டிக்காரர். நான் கைபிடித்துப் பழக்கியவர்.

நேரத்துக்குச் சாப்பிடு.

குண்டூசி


ஏப்ரல் 20

குண்டூசி,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இரண்டு மாதமாக எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் தெரியுமா? ஒரு வாரம் லீவு போட்டு மகள் வீட்டுக்குக்கூடப் போய்வந்தேன். இன்று மேலாளர் கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று சிரித்துக்கொண்டே போனேன். “உக்காருங்கம்மா. நீங்க லீவுல இருந்தப்பகூட ஒரு காகிதம் தேங்கல. இனிமே அந்தப் பிரிவுக்கு நீங்க எதுக்கு? வாரக் கணக்கு அனுப்புறாரே, அவரே பாத்துப்பார். கிடங்குல ஒரு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க, திங்கக்கிழமைலேர்ந்து அங்க போயிடுங்க” என்றார்.

கிடங்குக்கு! உனக்குக் கீழே!

நீ சொன்னதை ஒன்று விடாமல் செய்தேனே. எங்கே தப்பு செய்தேன்? நீ ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்பார். கிடங்குக்கு ஆள் வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடு. உன் காலில் விழுகிறேன்.

வாயாடி


ஏப்ரல் 24

வாயாடிக்கு,

நீ எங்கேயும் தப்பு செய்யவில்லை. நான் எழுதியதிலும் பொய் கிடையாது. வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் அதையெல்லாம் செய்தவளைத் தூக்கி மேலே வைத்திருப்பார்கள். நம் மேலாளர் அப்படிப்பட்டவர் இல்லை. எந்தப் பிரிவு ஒழுங்காக ஓடுகிறதோ, அங்கே ஆள் அதிகம் என்று நினைக்கிற மனுஷன். அதை நீ தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு என்னைப் பற்றி அவரிடம் சொன்னாய். மேசைமேல் குவிந்து கிடந்ததே, அதுதான் உன் நாற்காலியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைப் பெருக்கித் தள்ளச் சொன்னேன். நீயும் சந்தோஷமாகப் பெருக்கினாய்.

கிடங்குக்கு ஆள் கேட்டுக் கேட்டு எழுதியது நான்தான்.

புகழத்தான் சொன்னேன் என்று முதல் கடிதத்தில் எழுதினாயே, அந்த இடத்தில் “மன்னிச்சுக்கடி” என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் மேசையைத் துடைக்க மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்தியிருப்பேன். கண்ணாடிக்காரரைக் கூட்டத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்க மாட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வார்த்தையைத் தேடினேன். நேற்று வந்ததிலும் தேடினேன். காலில் விழுகிறாய், அதைமட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாய்.

மனசு கனக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. வயிறு குளிர்ந்துபோய் இருக்கிறது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிடு. பழைய மீட்டர்களைத் துடைத்து எண் பார்த்து அடுக்க வேண்டும். தூசி பறக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளத் துணி கொண்டு வா. இங்கே பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. மேடம் என்றால் போதும்.

இப்படிக்கு,
கிடங்குப் பொறுப்பாளர்