போக்னாவின் கல்லறையில் இருந்த கற்கள்

அன்பு மகனே,

அடக்கத்துக்குத்தான் வரவில்லை, கல்லறைத் திருநாளுக்காவது வருவாய் என்று உன் தங்கை போக்னாவின் கல்லறைப் பக்கத்தில் இருட்டும்வரை நின்றேன். நார்வேயில் லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

முந்தின நாள் கல்லறையைக் கழுவப் போனேன். மேலே கூழாங்கற்கள் கிடந்தன. பிள்ளைகளின் விஷமம் என்று திட்டிக்கொண்டே குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, சாமந்தி வைத்து விளக்கேற்றினேன்.

திருநாளன்று வார்சாவிலிருந்து ஒரு யூதப் பெரியவர் வந்தார். யூதர்களை ஜெர்மன்காரர்கள் சுட்டுப் புதைத்த இடத்தை, போக்னா தன் பல்கலைக்கழகப் படிப்புக்காக நம் காட்டில் தேடிக் கண்டுபிடித்தாளே, அங்கேதான் அவருடைய அம்மா இருக்கிறாராம்.

"போன வாரம் நான் வச்ச கல்லெல்லாம் எங்கேம்மா?"

"குப்பைன்னு நெனச்சு நான்தான் எடுத்துட்டேன்."

"எங்க ஆளுங்க பூ வைக்க மாட்டோம். வந்து பாத்தோம்னு ஒரு கல்லு வைப்போம். நீங்க ரொம்ப சுத்தக்காரி" என்று சிரித்தார். இருவரும் தொட்டிக்குள் கைவிட்டுத் தேடினோம்.

போன கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் நீ அவளைக் கேட்டாயே, "சரித்திர வகுப்புல செத்தவங்க, சட்ட வகுப்புல செத்தவங்க, மனசப் பத்தின வகுப்புலயும் செத்தவங்க. உயிரோட இருக்கிறவனப் பத்தி ஒண்ணும் கிடையாதாடி?"

"உன்னையும் ஒருநாள் படிக்கிறேன்ணா" என்றாள். நீ தட்டைத் தள்ளிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனாலும் புத்தாண்டன்று உன் பங்கு கேக்கை அவள்தான் எடுத்து வைத்தாள்.

பெரியவர் கற்களைக் கழுவித் திரும்ப வைத்தார். ஒன்றை மட்டும் நான் கேட்டு வாங்கி வந்தேன். சமையலறை ஜன்னலில் இருக்கிறது. அதை நான் வைக்க மாட்டேன். நீ வந்து வை.

உன் அம்மா