சுவரைப் பார்த்திருந்த வாத்துப் படம்

என் அருமை அண்ணா,

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அவர் முசிறியில் வாழைத்தோப்பு வாங்கியபோது, பிரெஞ்சு வாத்தியாரான நீங்கள் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்த படம் நினைவிருக்கிறதா? கல்லில் வரைந்து அச்சடித்த பழைய பிரெஞ்சுக் கேலிச் சித்திரம். கிராமத்தில் நிலம் வாங்கிய பாரீஸ்காரர் உயரத் தொப்பியோடு ஓட, ஒரு வாத்து அவர் கோட்டைக் கவ்வியிருக்கும். மனைவி வேலியோரம் குடையோடு நிற்பாள். கீழே இரண்டு வரிப் பேச்சு. அவள் கேட்பதை நீங்கள் தமிழில் படித்தீர்கள்: "கிராமத்துக் காத்து ஒத்துக்குதா?" கணவனின் பதிலைப் படிப்பதற்குள் இவர் எழுந்துவிட்டார்.

"உங்கண்ணன் என்னைக் கோமாளிங்கறாரா?"

அன்று சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிய படம்தான். ஸ்ரீரங்கத்துக்கு உங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினார். நீங்கள் கண்மூடிய அன்றுகூட உங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

போன ஞாயிறு முதல் தார் வெட்டு. போட்டோவுக்காகப் புது வெள்ளை வேட்டி! தோப்பில் வேலை செய்யும் செல்வி, "வாழைக்கறை போகாதுங்க, கைலி கட்டிக்குங்க" என்றாள். கேட்டால்தானே? தாரைத் தோளில் வாங்கியதும் மார்பிலிருந்து முழங்கால்வரை கறை வழிந்தது. பதறிப் பின்வாங்கியவர் தாரோடு வாய்க்காலில் உட்கார்ந்தார். எழுந்தால், பக்கத்துத் தோப்பு ஆடு ஒன்று வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது! நானோ வரப்பில் குடையோடு நிற்கிறேன்.

திருவெறும்பூரில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். நேரே போய்ப் படத்தைத் திருப்பினார். உற்றுப் பார்த்தார். பிறகுதான் அந்தச் சிரிப்பு.

"அவன் என்ன பதில் சொல்றான்டி?"

போனைக் காட்டினால் தமிழில் வந்துவிடும் என்றாள் மகள்.

"வேணாம். மச்சான் வந்து படிக்கட்டும்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வேட்டியைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இன்று காலை பார்க்கிறேன், படத்தின் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. மனைவியின் கேள்விக்கு அவர் கையெழுத்தில் பதில்: "மச்சான் சொன்னப்பவே உக்காந்து கேட்டிருக்கணும்."

நாளை, அந்த முதல் தாரில் ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு அண்ணியைப் பார்க்க வருகிறோம். இந்த முறை அவரை வாசலில் நிற்க விடமாட்டேன், அண்ணா. கையைப் பிடித்து உள்ளே அழைத்துவருவேன்.

வரப்பில் குடையோடு நின்ற
உங்கள் தங்கை