பூச்சில்லாத ஆணி

நேற்று இராஜாக்கமங்கலத்தில் லூர்து அக்காவின் வீட்டுக் கூரைமேல் ஏறினேன். ஓடு உடைந்து ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருந்தாள். உடைந்த ஓடுகளை எடுத்ததும் ஈர அயினி மரத்தின் மணத்தோடு துருவின் மணமும் வந்தது. ஓடுகளைத் தாங்கும் கழுக்கோலில் மூன்று வருஷத்துக்கு முன்பு நான் அடித்த ஆணியின் தலையைத் தொட்டேன். நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, வெள்ளி நிறம் மங்காத இன்னோர் ஆணி இருந்தது. அடுத்த கழுக்கோலிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். எல்லாம் சுத்தியலால் அடித்தவை. மரத்தில் பதிந்திருந்த சுத்தியல் தடத்தின் சாய்வு இடக்கைக்காரனுடையது. நம் வட்டாரத்தில் இடக்கைத் தச்சன் நீ ஒருவன்தான் மக்கா.

துபாயில் நாம் ஆணி அடிக்கும் கன் வாங்கப் போன வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. பதினான்கு வருஷம் கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்கும் ஷட்டரிங் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பிச் சேர்ந்து கூரை வேலை செய்வோம் என்று முடிவெடுத்திருந்தோம். விசையை அழுத்திப் பிடித்தால் தொட்ட இடமெல்லாம் சடசடவென அடிக்கும் கன்னில்தான் எனக்குக் கண். நீ அதைத் தள்ளி வைத்தாய். மரத்தில் முனையை அழுத்தி, ஒவ்வோர் ஆணிக்கும் விரலை எடுத்து எடுத்து அழுத்த வேண்டிய கன்னை இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாய்.

"ஏணியில நிக்கப்போற நமக்கு இதுதாம்லே. காலு வழுக்கி கன்னு தொடையில பட்டாலும் ஆணி பாயாது."

பிறகு ஆணிக்கு வந்தாய். கடைக்காரர் கொட்டாவி விடும்வரை பெட்டி பெட்டியாகத் திறக்க வைத்தாய். சரமாகக் கோத்த ஆணியின் சாய்வு கன்னின் சாய்வோடு பொருந்த வேண்டும், தலை முழு வட்டமாக இருக்க வேண்டும், நீளம் கழுக்கோலைக் கடந்து கீழ் உத்தரத்தைப் பிடிக்க வேண்டும், கடல்காற்றுக்குத் துத்தநாகப் பூச்சு கட்டாயம் வேண்டும். உன் பெட்டி முழுக்க ஆணி. ஊரில் அதைத் திறந்த உன் மனைவி, "ஒரு சென்ட் பாட்டில் கூடவா கெடைக்கல?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

சுனாமிக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் ஆகியும் கரையில் வீட்டுவேலை ஓயவில்லை. நம் ஆணி தீர்ந்த வாரம் நீ மரம் பார்க்கக் குலசேகரம் போயிருந்தாய். நான் கொச்சியிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தேன். அதே சாய்வு, அதே நீளம், அதே தலை. பூச்சு மட்டும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கன் அதைத் தடங்கலில்லாமல் விழுங்கியது. எனக்கு அது போதுமாக இருந்தது. லூர்து அக்காவின் கூரையையும், குளச்சலில் மீன் ஏலம் விடும் அந்தோணி அண்ணனின் கூரையையும் அதிலேயே முடித்தேன்.

நீ வந்து காலிப் பெட்டியைப் பார்த்தாய்.

"ஷட்டரிங்குக்கு அடிச்ச ஆணி பத்து நாள் நின்னா போதும் மக்கா. பலகைய நாமளே பிரிச்சிருவோம். இது ஆளு உறங்குற எடம். போய் வீட்டுக்காரங்ககிட்ட சொல்லு."

பிரித்துப் போடுவதற்கென்றே பதினான்கு வருஷம் ஆணி அடித்த கை என்னுடையது. உன் கையும் அப்படித்தான், ஆனால் நீ மாறிவிட்டாய். அது எனக்கு உறைக்கவில்லை. ஊர்முன்னால் தப்பை ஒத்துக்கொள்ளச் சொல்கிறாயே என்ற கோபம்தான் வந்தது. "உனக்கு அவ்வளவு தெரியும்னா நீயே போய் அடி" என்றேன். எட்டு மாதம் நாம் பேசவில்லை. ஒன்பதாம் மாதம் உன் நெஞ்சு நின்றுபோனது. உன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அப்போதும் என்னிடம் ஒரு வீம்பு மிச்சமிருந்தது என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

நேற்று கீழே இறங்கி அக்காவிடம் கேட்டேன்.

"ஓம், அவருதான். நாலு நாளு ஒத்தைக்கு வந்து அடிச்சாரு. இடையிடையே நெஞ்சத் தடவிக்கிட்டு உக்காருவாரு. அவன்கிட்ட சொல்லாண்டாம்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா அக்கா?"

"இது கடலுக்கு ரொம்பக் கிட்ட கெடக்கு, தாங்காது, அதான் வந்தேன்னாரு. குளச்சல் வீட்டுக்கு அவனே போவான், எனக்குத் தெரியும்னாரு."

மூன்று வருஷமாக நான் குளச்சலுக்குப் போகவில்லை. அவனே போவான் என்று நீ சொன்ன சொல் அந்தக் கூரைமேல் நிறைவேறாமல் அப்படியே கிடந்திருக்கிறது.

இன்று காலை குளச்சல் போனேன். பேறுகாலத்துக்கு வந்த அந்தோணி அண்ணனின் மகள் பிள்ளை பெற்று அங்கேயே இருக்கிறாள். நடு அறையில், நான் ஆணி அடித்த கழுக்கோலிலிருந்து தொங்கும் தொட்டிலில் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, உங்க கூரைக்கு நான் தப்பான ஆணி அடிச்சேன். தெரிஞ்சேதான் அடிச்சேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூரையைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். "பிள்ளைய எடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போ" என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏணி வீட்டுக்குப் பொறத்தால கெடக்கு. எடுத்துட்டு வா."

பன்னிரண்டு கழுக்கோல் முடித்திருக்கிறேன், எல்லாம் கையால் அடித்து. நாளையும் போவேன். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் மக்கா. உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.