யானை நுழைந்த துளை

1938 மார்ச் 7, ஜொகூர் பாரு

லெட்சுமணனாகிய நான், முழு நினைவோடும் அரை வயிற்றுக் கஞ்சியோடும் சத்தியம் செய்கிறேன்: இந்த நோட்டில் எழுதப்போவதை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாதவர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

இன்று தொடங்கிய வேலை, விமானத்துக்கு ஒரு புது இறக்கை. பழையதைத் துரை ஒருவர் தென்னை மரத்தில் மோதி இரண்டாக்கிவிட்டார். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே நாற்பதாயிரம் காய் காய்த்தது. கடலோரக் கொட்டகையில் நானும் வேலுவும் அலுமினியத் தகடு அடிக்கிறோம். வேலு என் அக்கா மகள் செல்வராணியைக் கட்டியவன். என் கதைக்குச் சரியான இடத்தில் சிரிக்கத் தெரிந்தவன். ஒரு மாப்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

இறக்கைக்குள் ஒரு சாண் இடம்தான். டிரில்லை நேராக நிறுத்த முடியாது. அதற்குத்தான் நாங்கள் 'முழங்கை' என்று பெயர் வைத்திருக்கும் சாமான். டிரில்லின் மூக்கில் மாட்டினால் ஊசி பக்கவாட்டில் செங்குத்தாகத் திரும்பிக்கொள்ளும். கண்ணுக்கு எட்டாத மூலையிலும் கையை விட்டுத் துளை போடலாம். ஜொகூர் சமஸ்தானத்திலேயே முழங்கை பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். எலி வளைக்குள் கையை விட்டு எலிக்குக் காது குத்தியிருக்கிறேன்.

மார்ச் 9

எழுதுவதா, வேண்டாமா.

முழங்கைக்கென்று நீளம் குறைந்த கட்டை ஊசி உண்டு. அது காலையில் ஒடிந்தது. வேறு வேண்டுமென்றால் ஸ்டோரில் சீட்டு, சீட்டுக்கு மூன்று கையெழுத்து. ஜொகூரின் ஒரே முழங்கைக்காரன் சீட்டுக்காகக் காத்து நிற்பதா? நீள ஊசியை மாட்டினேன். இடம் பற்றவில்லை, தலை சாய்ந்தே நின்றது. சாய்ந்தால் என்ன, என் கைக்குக் கண் உண்டு என்று அழுத்தினேன். ஊசி வழுக்கி ஓடியது. ஒரு துளை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு, ஒன்றையொன்று கடித்துக்கொண்டு.

வேறெங்காவது என்றால் போகட்டும். உத்திரத்தில். வீட்டுக்கு உத்திரம்போல இறக்கையின் பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான். அதன் கீழ் ஓரத்தில், விளிம்புக்கு ஒரு நெல் தள்ளி. அங்கிருந்து வெடிப்பு ஓடினால் நிற்காது.

சொன்னால் உத்திரம் குப்பை. சீமையிலிருந்து அடுத்தது வர ஐந்து மாதம். எனக்கு அன்றைக்கே கேட்டுக்கு வெளியே இடம்.

பெரிய தலை ரிவெட் ஆணி ஒன்றை எடுத்து இரண்டு துளைக்கும் மேலே அடித்து மூடினேன். வேலு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, சத்தம் மாறுது?"

"எலி, மாப்ள. காது குத்துறப்ப கத்துது."

சிரித்தான்.

மார்ச் 10

சொன்ன பொய்யை மறுநாள் நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. இன்று இரண்டு முறை இறக்கைக்குள் கையை விட்டு அந்த ரிவெட்டைத் தடவிப் பார்த்தேன்.

மார்ச் 12

சோதனை. சிற்றம்பலம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பதிவேடு அவர் கையில். அவர் கையெழுத்து விழாமல் தகடு மூடக்கூடாது. காம்பு வைத்த சிறு கண்ணாடியை உள்ளே நீட்டி ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்ப்பார். டார்ச் பிடித்தவன் நான். அந்த மூலை நெருங்கியது. என் வாய் தானாகத் திறந்தது. "ஐயா, போன மழைக்கு ஜலசந்தியில ஒரு முதலை..." அதற்கு மூக்குக்கண்ணாடி மாட்டி, தொப்பி வைத்து, பாலத்தில் டிக்கெட் கிழிக்கவைத்தேன்.

"உம்மட வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும், காணும்!"

அவர் வயிறு குலுங்கியது. கையிலிருந்த கண்ணாடியும் குலுங்கியது. மூலை தாண்டியது. கையெழுத்து விழுந்தது.

மார்ச் 15

கொட்டகையில் ஒரு வழக்கம்: கடைசித் தகட்டை அடித்து மூடுகிறவன் முதல் பறப்பில் விமானியோடு ஏறவேண்டும். நீ செய்ததில் நீயே உட்கார் என்று ஏதோ ஒரு காலத்துத் துரை ஆரம்பித்து வைத்தது. மூத்தவன் நான், முறை என்னுடையது. சுத்தியலைக் கையில் எடுத்தேன். வேலு பிடுங்கிக்கொண்டான்.

"ஒங்க எடைக்கு ப்ளேன் எந்திரிக்காது லா மாமா. நான் போறேன். ராணி செவப்புச் சேல கட்டிக்கிட்டுக் கரையில நிக்கிறேன்னுச்சு. மேலேருந்து கையாட்டணும்."

அடிக்க விட்டேன். அந்த நொடியில் எனக்கு வந்தது பயம் அல்ல. நிம்மதி. இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு?

மார்ச் 18, வெள்ளி, விடுமுறை

வேலு வீட்டில் மதியச் சாப்பாடு. சொல்லிவிடுவது என்றுதான் போனேன். செல்வராணி கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள்.

"மாப்ள, நாளைக்கு ஏறாதீங்க. எறக்கையில ஒரு ஓட்டை இருக்கு. நான் போட்டது."

"எவ்ளோ பெருசு மாமா?" என்றான் வேலு. சிரிப்பு கண்ணில் வந்து காத்து நின்றது.

இங்கேதான். இந்த இடத்தில்தான் உள்ள அளவைச் சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தேன். வாய் பழகின தடத்திலேயே போய்விட்டது.

"யானை போகும். நேத்து ஒண்ணு போயிருச்சு, குட்டியோட. உள்ள வச்சுத்தான் ரிவெட் அடிச்சேன். மேல போனதும் பிளிறும், பயப்படாதீங்க."

வேலுவுக்குப் புரையேறியது. செல்வராணி அவன் தலையில் தட்டினாள். "அலமாக், மாமா! அவங்கள சாப்பிட விடுங்க!"

சொன்னேனா? சொன்னேன். நம்பாதது அவர்கள் பாடு.

இல்லை. நம்பாதபடி சொன்னது நான்.

மார்ச் 19

காலையில் சிற்றம்பலத்தைப் பிடித்து நேராகவே சொன்னேன். "ஐயா, உத்திரத்துல துளை தப்பாயிருச்சு. ப்ளேனை நிறுத்துங்க."

"ஏன் காணும், யானை இன்னொரு குட்டி போட்டிட்டுதோ?"

வேலு வந்ததும் வராததுமாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

எட்டரைக்கு ஏறினான்.

மார்ச் 24

இடது இறக்கை முதலில் மடங்கியது என்று மீன்பிடிக்கிறவர்கள் சொன்னார்கள். நாங்கள் செய்த இறக்கை. விமானியைச் சம்பான் படகில் உயிரோடு தூக்கினார்கள். வேலுவை மறுநாள்.

செல்வராணி கரையில் நின்றாள். சிவப்புச் சேலை. தூக்கிய கையை இறக்க வெகுநேரம் ஆயிற்று.

இறக்கை அகப்படவில்லை, ஜலசந்திச் சேறு வாங்கிக்கொண்டது. விசாரணையில் சுமத்ராக் காற்று என்று எழுதி முடித்தார்கள். அன்று ஒரு இலைகூட ஆடவில்லை. சிற்றம்பலம் என் தோளைப் பிடித்து, "நீங்கள் வடிவாய்த்தான் வேலை செய்தனீங்கள், என்ர கண்ணால பாத்தனான்" என்றார். அழுதார்.

இனி ஒருவருக்கும் தெரியவராது. பொய்க்காரனுக்கு இதைவிட நல்ல காலம் வராது.

மார்ச் 27

முழங்கையைத் துடைத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டேன். வேறு ஆளுக்கு.

ஏப்ரல் 3

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். செல்வராணி வந்து எதிரே உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அவளாக என்னிடம் பேசியது இன்றுதான்.

"மாமா, அந்த யானைக் கதையச் சொல்லுங்க. அவங்க சிரிச்சது காதுலயே இருக்கு. கதைதான் வரமாட்டேங்குது."

சொன்னேன். யானை வந்தது, குட்டி வந்தது, உள்ளே வைத்து ரிவெட் அடித்தேன். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மேலே ஓடவில்லை.

"யானை பொய், ராணி. குட்டியும் பொய்."

"தெரியும் மாமா."

"ஓட்டை நெசம்."

முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். கூடத்தில் யாரோ பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினாள் என்று நினைக்கிறேன்.

"எவ்ளோ பெருசு மாமா?"

சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன்.